சித்திரை வெயிலில் படகு மோட்டார் இழுக்கவில்லையே, பெரிய மோட்டார் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சேதுபாவாசத்திரம் பக்கம். 28 அடி ஃபைபர் படகு, 9.9 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், வாங்கி நாலு வருடம் ஆகிறது. நண்டு வலைக்குப் போகிறோம். தை, மாசியில் ஜிபிஎஸ்ஸில் 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) காட்டிய படகு, சித்திரை பிறந்ததும் ஆறரை நாட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. விடியலுக்கு முன்னால் போகும்போது ஓரளவு பரவாயில்லை, மதியம் திரும்பும்போது மோட்டார் திணறுகிறது. நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தால் கயிறு இழுத்து இழுத்துக் கை விட்டுப்போகிறது. "வெயில் காலத்தில் எல்லா மோட்டாரும் அப்படித்தான்" என்கிறார் அப்பா. மெக்கானிக் கார்புரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வருகிற ஓட்டையை, சின்னதாக மாற்றலாம் என்கிறார். கடைக்காரர் 15 ஹெச்.பி. எடுங்கள், தவணை போட்டுத் தருகிறேன் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, தவணைக்கு மோட்டார் எடுக்கும் பேச்சை இந்த சீசன் முடியும்வரை தள்ளி வையுங்கள். ஜெட்டில் கை வைக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்பா சொல்வது சரிதான், ஆனால் கால் நாட் அளவுக்குத்தான் சரி. மீதி ஒன்றேகால் நாட் எங்கே போனது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கவலையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உங்களைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது, கரையில் மீன் வரத்தும் குறைவு, நண்டுக்கும் மீனுக்கும் நல்ல விலை கிடைக்கிற நேரம். சரியாக அந்த இரண்டு மாதத்தில்தான் மோட்டாரும் சோர்ந்துபோகிறது. அவசரத்தில் ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டுக் காசை விடுகிற நேரமும் அதுதான்.

முதலில் வெயில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மோட்டாருக்குச் சாப்பாடு பெட்ரோல் மட்டும் இல்லை, காற்றில் இருக்கிற ஆக்சிஜனும்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அது உறிஞ்சுகிற காற்றின் கன அளவு ஏறக்குறைய ஒன்றேதான், ஆனால் அந்தக் காற்றுக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும். உங்கள் கடற்கரைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்கழி விடியலில் 24 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 268 கிராம் ஆக்சிஜன் இருக்கும். வைகாசியில் அதிகாலை 3 மணிக்கு 27 டிகிரி, 90 சதவீதம் என்றால் 261 கிராம். அதே நாள் மதியம் 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் 252 கிராம். மார்கழி விடியலுக்கும் வைகாசி மதியத்துக்கும் வித்தியாசம் 6 சதவீதம். போகும்போது பரவாயில்லை, வரும்போது திணறுகிறது என்று நீங்கள் சொன்னதில் ஒரு பங்குக்கு இந்த 261, 252 கணக்கே காரணம்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். புழுக்கமான காற்று கனமாக இருக்கும், அதனால் மோட்டார் திணறுகிறது என்பார்கள். உண்மையில் ஈரக்காற்று லேசானது. காற்றின் மூலக்கூறு எடை சராசரியாக 29, நீராவிக்கு 18தான். நீராவி உள்ளே வந்து உட்கார்ந்தால் அந்த அளவுக்கு ஆக்சிஜனும் நைட்ரஜனும் வெளியே நிற்க வேண்டியதுதான், ஒரே பெஞ்சில் இடம் பிடிப்பது மாதிரி. அப்புறம், டிவியில் சொல்கிற ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே சொன்ன அதிகாலை 90 சதவீதத்தில் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் தண்ணீர் இருக்கிறது, மதியம் 70 சதவீதத்தில் 28 கிராம் இருக்கிறது. சூடான காற்று அவ்வளவு தண்ணீரைத் தாங்கும். கோடையில் காற்றழுத்தமும் குறைவு, மார்கழியில் 1013 ஹெக்டோபாஸ்கல் என்றால் வைகாசியில் 1004 பக்கம் வந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த 6 சதவீதம்.

மோட்டார் மூடியில் எழுதியிருக்கும் ஹெச்.பி.யும் இப்படி ஒரு வானிலையை வைத்துச் சொல்லப்படுவதுதான். சர்வதேசத் தரப்படி 25 டிகிரி வெப்பம், 30 சதவீத ஈரப்பதம், 1000 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் என்ற நிலைக்குக் கணக்கிட்டுப் போடுகிறார்கள். 30 சதவீத ஈரப்பதத்தை நம் கடற்கரையில் எங்கே போய்ப் பார்ப்பது? ஆக, உங்கள் 9.9 வைகாசி மதியத்தில் ஏறக்குறைய 9.3தான். மெர்க்குரி நிறுவனத்தின் கையேடுகளில், வெயிலும் ஈரமும் கூடிய கோடை நாளில், குளிர்ந்த உலர்ந்த வசந்தகால நாளோடு ஒப்பிட்டால் 14 சதவீதம் வரைக்கும் சக்தி குறையலாம் என்று எழுதியிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. நமக்குக் குளிர்காலமே 24 டிகிரி என்பதால் வித்தியாசம் அவ்வளவு வராது.

சரி, 6 சதவீத சக்தி போனால் வேகம் எவ்வளவு போகும்? சக்தி குறைகிற அளவுக்கு வேகம் குறையாது. உங்கள் மாதிரிப் படகில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டவே நிறைய சக்தி வேண்டும், அதே மாதிரி சக்தி கொஞ்சம் குறைந்தாலும் வேகம் லேசாகத்தான் இறங்கும். 6 சதவீதத்துக்கு 2, 3 சதவீத வேகம், அதாவது 8 நாட் என்பது ஏழே முக்காலாகும். ஆறரைக்கு இறங்க வேண்டுமென்றால் மோட்டார் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்காவது இழந்திருக்க வேண்டும், இல்லையென்றால் படகு அந்த அளவுக்குக் கனமாகவோ சொரசொரப்பாகவோ ஆகியிருக்க வேண்டும். எந்த வெயிலும் மூன்றில் ஒரு பங்கைத் தின்னாது.

அதனால் முதலில் படகின் அடியைப் பாருங்கள். உங்கள் பக்கம் சேற்றுக்கடல், படகைக் கரையில் இழுத்துப் போடாமல் தண்ணீரிலேயே கட்டி வைப்பவர்கள் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாசியும், ஓட்டோடு ஒட்டி வளர்கிற கொட்டலசும் வேகமாகப் பிடிக்கும். மாசியில் சுரண்டிய படகு சித்திரைக் கடைசியில் எப்படி இருக்கும் என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பாசி வழவழப்பாக இருக்கிறதே, வழுக்கிக்கொண்டுதானே போகும் என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். அப்படி இல்லை, அந்த வழவழப்பு தண்ணீரைப் பிடித்து இழுக்கும். அரை நாளில் இரண்டு பேர் சுரண்டிவிடலாம், பைசா செலவு இல்லை. விசிறியின் (புரொப்பல்லர்) இலைகளையும் அப்படியே துடையுங்கள், அங்கே நாலு கொட்டலசு ஒட்டியிருந்தாலே போதும், இழுவை கெட்டுவிடும். கடற்புல்லோ தங்கூசி நைலான் நரம்போ விசிறிக்குப் பின்னால் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். தங்கூசி உள்ளே போனால் ஆயில் சீல் வெட்டுப்பட்டு, கியர் ஆயிலில் தண்ணீர் இறங்கிவிடும்.

அடுத்தது சுமை. தை மாதம் ஒரு பெட்டி ஐஸ் போதுமாக இருந்தது, இப்போது இரண்டு ஏற்றுகிறீர்கள் இல்லையா? குடிதண்ணீர் கேனும் கூடுதலாக ஒன்று. பெட்டியோடு சேர்த்தால் அறுபது, எழுபது கிலோ சாதாரணமாக ஏறிவிடும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இந்த வெயிலில் ஐஸும் தண்ணீரும் இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. ஆனால் அதைப் பின்னால் மோட்டார் பக்கம் குவிக்காமல் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு தூக்கிக்கொண்டு போகிற படகு நிறைய சக்தியைத் தண்ணீரைத் தள்ளுவதிலேயே வீணாக்கும்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன், விசிறி. அதன் நடுக் கொண்டையில் 9¼ x 9 என்பது போல இரண்டு எண் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னால் போகும் என்ற கணக்கு. மோட்டாருக்கும் ஒரு வரம்பு உண்டு. முழு திராட்டிலில் (முழு முறுக்கில்), சுமையோடு ஓடும்போது இத்தனை ஆர்பிஎம்முக்குள், அதாவது நிமிடத்துக்கு இத்தனை சுற்றுக்குள், நிற்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். பல சிறிய மோட்டார்களுக்கு அது 4500 முதல் 5500 வரை. தை மாதத்தில் உங்கள் மோட்டார் இந்த வரம்பின் அடித்தட்டில், ஒரு 4600இல் ஓடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாது, வேகம் வந்ததால் யாரும் கேட்கவும் இல்லை. சித்திரையில் 6 சதவீத சக்தி போய், அடியில் பாசியும் பிடித்து, ஐஸும் ஏறியதும் அது 4200க்கு விழுந்துவிடும். வரம்புக்குக் கீழே போன மோட்டாருக்கு இரண்டாவது இழப்பு ஆரம்பிக்கும், ஏனென்றால் அதன் முழு சக்தி மேல் ஆர்பிஎம்மில்தான் பிறக்கிறது. மூன்றாவது கியரில் போக வேண்டிய மேட்டில் நாலாவது கியரில் பைக்கை முறுக்கினால் அது எப்படித் திணறும், அதே கதைதான். வெயில் எடுத்ததைவிட இந்த இரண்டாவது இழப்புதான் பெரிது, ஆனால் இதை மட்டும் உங்களால் திரும்ப வாங்கிவிட முடியும். ஒரு அங்குலம் பிட்ச் குறைந்த விசிறி போட்டால் ஏறக்குறைய 200 ஆர்பிஎம் ஏறும், மோட்டார் மூச்சு விடும்.

ஆனால் அளக்காமல் வாங்காதீர்கள். ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றி வைத்து ஆர்பிஎம் பார்க்கிற சின்ன டாக்கோமீட்டர் கிடைக்கிறது, நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். அடியைச் சுரண்டிய பிறகு, வழக்கமான ஆள், வலை, ஐஸ் எல்லாம் ஏற்றி, மதியம் முழு திராட்டிலில் ஐந்து நிமிடம் ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் வேகத்தை நீரோட்டத்தோடு ஒரு தடவை, எதிர்த்து ஒரு தடவை எடுத்து இரண்டின் சராசரியைப் போடுங்கள். சோழகக் காற்று (தென்காற்று) அடிக்கிற நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சின்ன பிட்ச் விசிறி போட்டால் மார்கழியில் ஆர்பிஎம் மேல் வரம்பைத் தாண்டலாம், அப்போது பழையதை மாட்டிவிடுங்கள். கோடைக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று என்று இரண்டு விசிறி வைத்துக்கொள்வது 15 ஹெச்.பி. தவணையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஜெட் விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. கார்புரேட்டருக்கு ஆக்சிஜனை எடை போடத் தெரியாது, ஜெட்டின் ஓட்டை ஒரே அளவு. காற்று மெலிகிற அளவுக்குப் பெட்ரோல் குறையாது, கலவை கொஞ்சம் செறிவாகும் (பெட்ரோல் கூடிப்போகும்), பிளக் கறுக்கும், புகை கூடும். ஆனால் இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டில் இதை ஊற்றினாலே கலவை 8 சதவீதம் வறண்டுபோகிறது, காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் ஆகிறது. வெயில் ஒரு பக்கம் செறிவாக்குகிறது, எத்தனால் மறுபக்கம் வறட்டுகிறது, வெயில் கூட்டுகிற செறிவை எத்தனாலே ஈடுகட்டிவிடும். இதில் ஜெட்டையும் சின்னதாக்கினால் என்ன ஆகும்? வெயிலில் நன்றாக ஓடுவது போலத்தான் இருக்கும். கார்த்திகையில் குளிர்ந்த அடர்ந்த காற்று வந்ததும் கலவை ஒரேயடியாக வறண்டு, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒருவருக்கு அப்படி ஜெட் மாற்றிக் கொடுத்தேன். வைகாசியில் என்னைப் பாராட்டிய மனிதர், மார்கழியில் பிஸ்டன் பிடித்துப்போய்க் கரையே தெரியாத தூரத்தில் நின்றார், இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்துவந்தது. மறுநாள் அவர் முகத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வானிலைக்காக நான் ஜெட்டைத் தொட்டதே இல்லை.

மோட்டார் உண்மையிலேயே செறிவாக ஓடுகிறதா என்பதைப் பிளக் சொல்லிவிடும். முழு வேகத்தில் ஓட்டி அப்படியே நிறுத்திக் கழற்றுங்கள். காப்பிக்கொட்டை நிறமென்றால் நல்லது. கரி படிந்து ஈரமாக இருந்தால் செறிவு, சோக் முழுதாகத் திறக்கவில்லையா, ஃப்ளோட் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் அன்றைக்கு அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

திரும்ப எடுக்க மறுக்கிறது என்றீர்களே, அதற்குக் காற்றைவிடச் சூடேறிய பெட்ரோலில்தான் காரணம் தேட வேண்டும். நிறுத்தின உடனே குளிர்தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால், மூடிக்குள் இருக்கும் சூடு முழுக்கக் கார்புரேட்டருக்கு ஏறும், அங்கே தேங்கி நிற்கிற பெட்ரோல் ஆவியாகிக் கொதிக்கும். கூடவே வெயிலில் காய்ந்த டேங்க் உப்பிக்கொண்டு, அந்த அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளி மோட்டாரை மூழ்கடித்துவிடும். இரண்டில் எதுவானாலும் சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றை இழுப்பது தப்பு. டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள், மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றி ஐந்து நிமிடம் காற்று காட்டுங்கள், கைப்பம்பு இறுகும்வரை மட்டும் அழுத்துங்கள், சோக் இல்லாமல் திராட்டிலைக் கொஞ்சம் திறந்துவைத்து எடுங்கள். பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தால் கைப்பம்பைத் தொடவே வேண்டாம், முழு திராட்டிலில் நாலு இழுப்பு இழுத்து வெளியேற்றுங்கள், அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி கூடாது. டேங்க்மேல் ஓர் ஈரச் சாக்கைப் போட்டு வைத்தாலே இந்தத் தொல்லையில் பாதி வராது.

எத்தனாலில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். பாதி காலியான டேங்க், சரியாக மூடாத மூடி, புழுக்கமான கடல்காற்று, நடுவில் ஒரு கோடை மழை என்று தண்ணீர் சேர்ந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ ஸ்ட்ரோக் ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும், மோட்டார் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆயிலே இல்லாத தண்ணி எரிபொருள் உள்ளே போனால் முதலில் இழுவை போகும், அப்புறம் பிஸ்டனே போகும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அத்தனையையும் கொட்டிவிட வேண்டியதுதான், ஆயிலை இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கலக்கிவிட்டு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். நாலு வருட ஹோஸும் கைப்பம்பும் எத்தனாலில் ஊறி உள்ளே பிசுபிசுத்திருக்கும், அவற்றை மாற்றிவிடுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் போடுங்கள். ஆயில் அளவு கையேட்டில் 50க்கு 1 என்றால் 20 லிட்டருக்கு 400 மில்லிதான். வெயிலுக்குக் கூட ஊற்றினால் மோட்டார் குளிர்ச்சியாக ஓடும் என்பதில் உண்மை இல்லை, கரிதான் சேரும்.

மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்களுக்கும் காற்றுக் கணக்கு இதேதான், ஆவியாகிக் கொதிக்கிற தொல்லை மட்டும் குறைவு.

கடல்தண்ணீர் சூடாக இருப்பதால் மோட்டார் ஆறவில்லையோ என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. தை மாதத்தைவிட நாலைந்து டிகிரி கூட இருக்கும், நல்ல மோட்டார் அதைச் சமாளித்துவிடும். உள்ளே தண்ணீர் போகிற வழி அடைபட்டால்தான் சமாளிக்காது. உங்கள் கடலில் சேறு, கடற்புல், இந்த மாதங்களில் சொறி (ஜெல்லி மீன்) வேறு. பின்பக்கச் சின்ன ஓட்டையில் தண்ணீர் விசையோடு பீய்ச்சுகிறதா என்று போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பாருங்கள். வெதுவெதுப்பாக வந்தால் சரி, கை வைக்க முடியாத சூடோ நீராவியோ வந்தால் உடனே நிறுத்துங்கள். நாலு வருடத்தில் இம்பெல்லரை (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) ஒரு தடவைகூட மாற்றவில்லை என்றால் அதுதான் முதல் செலவு. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள், உள்ளே உப்பு படிந்தால் அடுத்த கோடை இதைவிட மோசமாக இருக்கும்.

இத்தனையும் செய்து ஆர்பிஎம் வரம்புக்குள் வந்து, பிளக் நல்ல நிறத்தில் இருந்து, அப்படியும் வேகம் ஏழைத் தாண்டவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துகிற அளவு) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் பிஸ்டன் ரிங் வேலை இருக்கிறது. 15 ஹெச்.பி.யைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். அதே பாசி அடியோடு, அதே தண்ணி பெட்ரோலில் ஓடினால் அந்த 15க்கும் அடுத்த சித்திரையில் இதே கடிதம்தான் எழுத வேண்டியிருக்கும், மாதத் தவணை வேறு போய்க்கொண்டிருக்கும்.

அடியைச் சுரண்டுவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு நாள் மதிய வேகத்தையும், ஆர்பிஎம்மையும், விசிறிக் கொண்டையில் இருக்கிற எண்ணையும் எழுதி அனுப்புங்கள். பிளக்கின் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினால் எந்த பிட்ச் வாங்கலாம் என்று சொல்லிவிடுகிறேன்.